தைராய்டு நோயும் தலைமைச் சுரப்பியும்

தைராய்டு என்னும் சொல் இன்று நம் இல்லங்களில் நன்கு பழகிப்போய்விட்டது. காலையில் வெறும் வயிற்றில் சிறு மாத்திரை ஒன்றை உட்கொள்ளும் தாய்மாரை அன்றாடம் காண்கிறோம். ஆயினும், கழுத்திலுள்ள இச்சுரப்பியை ஆள்வது மூளையின் அடியில் மறைந்திருக்கும் வேறொரு சிறு சுரப்பி என்பதைப் பலர் அறிந்திலர். இவ்விரண்டுக்குமுள்ள உறவை அறிவது சில வேளைகளில் ஓர் உயிரையே காக்கும்.

இரு சுரப்பிகள்

தைராய்டு, குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்த சுரப்பி. உணவிலுள்ள அயோடினைக் கொண்டு அது தைராக்ஸின் என்னும் ஹார்மோனை உண்டாக்குகிறது. உடலின் வெப்பம், இதயத் துடிப்பு, செரிமானம், குழந்தைகளின் மூளை வளர்ச்சி ஆகிய யாவும் இதனைச் சார்ந்தவை.

பிட்யூட்டரி பட்டாணி அளவே உள்ளது. எடை ஏறத்தாழ அரை கிராம். மூக்கின் வேர்ப்பகுதிக்குப் பின்னே, மண்டையோட்டின் அடியில் ஓர் எலும்புக் குழியில் அது வீற்றிருக்கிறது. தைராய்டு, அட்ரீனல், கருப்பை சார்ந்த சூலகங்கள் ஆகியவற்றை ஏவுவதும், தாய்ப்பால் சுரக்கச் செய்வதும் அதன் பணிகளாம். எனவேதான் அதனைத் தலைமைச் சுரப்பி என்பர். அதற்கும் மேலே ஹைப்போதலாமஸ் என்னும் மூளைப் பகுதி இருந்து ஆணையிடுகிறது. அவ்வாணையைத் தாங்கிவரும் இரசாயனப் பொருளின் அமைப்பை 1969-இல் கண்டறிந்த கீமன், ஷாலி ஆகியோர் 1977-இல் நோபல் பரிசு பெற்றனர்.

அடுப்பும் அரிசி உலையும்

விறகடுப்பில் உலை வைத்த இல்லத்தரசி என்ன செய்கிறாள்? கொதி குறைந்தால் விறகை உள்ளே தள்ளுகிறாள்; பொங்கினால் வெளியே இழுக்கிறாள். பிட்யூட்டரியும் அவ்வாறே இரத்தத்திலுள்ள தைராக்ஸினை ஓயாது கவனிக்கிறது. அது குறைந்தால் டி.எஸ்.எச். என்னும் தூண்டு ஹார்மோனை மிகுதியாக அனுப்புகிறது; கூடினால் குறைத்துக்கொள்கிறது.

பரிசோதனைத் தாளில் டி.எஸ்.எச். உயர்ந்திருப்பதைக் கண்டு, தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்வதாகச் சிலர் எண்ணிக்கொள்கின்றனர். உண்மை அதற்கு நேர்மாறானது. அடுப்பு எரியவில்லை, ஆகவே இல்லத்தரசி விறகை மேலும் மேலும் தள்ளுகிறாள் என்பதே அதன் பொருள். 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ விவரித்த நோயில் இவ்வாறே நேர்கிறது. கிரேவ்ஸ் நோயிலோ, தைராய்டு கட்டுக்கடங்காமல் சுரப்பதால் டி.எஸ்.எச். மிகத் தாழ்ந்துவிடும்.

தலைவியே நோயுற்றால்?

அடுப்பில் குறையில்லை; அதைக் கவனிப்பவளே படுத்துவிட்டாள் என்று கொள்வோம். அப்போது தைராக்ஸின் குறைந்திருக்கும், ஆனால் டி.எஸ்.எச். உயராது. அது தாழ்ந்தோ, பார்வைக்குச் சரியான அளவிலோ இருக்கும். டி.எஸ்.எச். ஒன்றை மட்டும் சோதித்தால் நோயில்லை என்றே தோன்றிவிடும்.

இந்நிலைக்குப் பிட்யூட்டரிக் கட்டிகள் ஒரு காரணம். நம் குடும்பங்கள் அறியவேண்டிய மற்றொரு காரணம், 1937-இல் ஷீஹன் என்ற ஆங்கிலேய மருத்துவர் விளக்கிய நோயாகும். கருவுற்ற காலத்தில் பிட்யூட்டரி பருக்கிறது. பேறுகாலத்தில் மிகுந்த இரத்தப்போக்கு ஏற்பட்டு இரத்த அழுத்தம் வீழ்ந்தால், பருத்த அச்சுரப்பிக்குப் போதிய இரத்தம் கிட்டாமல் அதன் திசுக்கள் மடிகின்றன.

பிள்ளைக்குப் பால் சுரப்பதில்லை, மாதவிலக்கு மீள்வதில்லை, அக்குள் உரோமம் உதிர்கிறது, குளிர் தாங்க முடிவதில்லை, சோர்வு நீங்குவதே இல்லை. இவ்வடையாளங்கள் மெல்ல மெல்லத் தோன்றுவதால், நோய் பல்லாண்டுகள் கழித்தே கண்டுபிடிக்கப்படுவதும் உண்டு. அதுவரை அத்தாய் கேட்பதெல்லாம் "சோம்பேறி" என்ற ஏச்சுத்தான். நோயைக் குற்றமாக்கும் இக்கொடுமை நம் இல்லங்களில் நிகழலாகாது.

முறை தவறினால் ஆபத்து

இந்நோயில் அட்ரீனலைத் தூண்டும் ஹார்மோனும் குன்றிவிடக்கூடும். அதைக் கவனியாமல் தைராய்டு மாத்திரையை மட்டும் கொடுத்தால், எஞ்சியிருக்கும் சிறிதளவு கார்ட்டிசாலும் விரைவில் செலவாகி, நோயாளி மயங்கி வீழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரிடலாம். ஆகவே, கார்ட்டிசால் குறைவு இருக்குமாயின் முதலில் அதை ஈடுசெய்து, பின்னரே தைராக்ஸின் தருவது மருத்துவ முறை.

இன்னொரு விந்தையும் உண்டு. தைராய்டுக் குறைவு நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தால், ஓயாது உழைத்த பிட்யூட்டரி வீங்கி, ஸ்கேன் படத்தில் கட்டிபோல் தோன்றக்கூடும். தக்க அளவு தைராக்ஸின் கொடுத்தால் அவ்வீக்கம் பெரும்பாலும் வடிந்துவிடும். கத்தியை எடுக்குமுன் இரத்தத்தைச் சோதிக்கவேண்டியதன் காரணம் இதுவே.

நாம் செய்யத்தக்கவை

பேறுகாலத்தில் பெரும் இரத்தப்போக்கு ஏற்பட்டிருந்தால், ஆண்டுகள் பல கடந்திருப்பினும் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். சோர்வு நீடித்தால் டி.எஸ்.எச். உடன் ஃப்ரீ டி-4 சோதனையும் தேவையா எனக் கேளுங்கள். பிட்யூட்டரிக் கோளாறு உடையோருக்கு மாத்திரையின் அளவை டி.எஸ்.எச். கொண்டு தீர்மானிக்க இயலாது. டி-4 அளவே வழிகாட்டி. நீடித்த தலைவலியோடு பக்கப் பார்வையும் மங்கினால் காலந்தாழ்த்தலாகாது.

மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் உட்கொண்டு, அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்தே காப்பியோ உணவோ கொள்ளவேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. மருந்தின் அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்தே மறுசோதனை பயன் தரும். உடல் தேறிவிட்டதென்று தாமாகவே மருந்தை நிறுத்துவது பெருந்தவறு.

1891-இல் இங்கிலாந்தில் மரே என்னும் மருத்துவர் ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசிமூலம் செலுத்திய பெண்மணி, அதன்பின் 28 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். 1914-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளில் அமெரிக்காவில் கெண்டல் தைராக்ஸினைத் தனியே பிரித்தெடுத்தார். அவர்களின் உழைப்பால் இன்று மருந்து எளிதாகக் கிடைக்கிறது. சோர்ந்திருக்கும் தாயின் பழைய பேறுகாலக் கதையைப் பரிவோடு கேட்டு, அவளை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே குடும்பத்தாரின் கடமையாகும்.