காய்ச்சலில் குறையும் தைராய்டு



பிரசவமான நாலைந்து நாளில் தாய்க்கு நடுக்கத்தோடு காய்ச்சல். ரத்தம் சோதித்த டாக்டர், "ரத்தத்தில் கிருமி கலந்திருக்கிறது" என்கிறார். அதே சீட்டில் தைராய்டு அளவும் குறைவு. "அப்போ தைராய்டாலதான் இந்தக் காய்ச்சலா?" என்று கேட்பீர்கள். இல்லை.

தைராய்டு, கழுத்தின் முன்புறம் உள்ள சுரப்பி. அதன் ஹார்மோன் உடம்பின் வேகத்தை நடத்துகிறது. பாக்டீரியா கிருமிகள் ரத்தத்தில் பரவும்போது டி3 என்ற ஹார்மோன் முதலில் குறையும். நோய் முற்றினால் டி4 என்பதும் குறையும். பெரும்பாலும் சுரப்பிக்குக் கேடு இல்லை; உடம்பு தேறினால் அளவும் தானே ஏறிவிடும்.

ஆகவே:

1. முதல் வைத்தியம் கிருமிக்கே. மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

2. அந்தச் சீட்டைக் காட்டிக் கடையில் தைராய்டு மாத்திரை வாங்காதீர்கள். குணமாகி ஆறு வாரம் கழித்து மறுபடி சோதிப்பது பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

3. தைராய்டு குறைவுக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர், காய்ச்சல் என்று அதை நிறுத்த வேண்டாம்.

4. தைராய்டு மிகைக்கு மாத்திரை சாப்பிடுபவருக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால், அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே டாக்டரைப் பார்த்து ரத்தம் சோதிக்க வேண்டும்.

கணவன்மாரே! பிள்ளை பெற்ற மனைவிக்கு நடுக்கக் காய்ச்சல், மேல்மூச்சு, பேச்சில் தடுமாற்றம், சிறுநீர் குறைவு, நாற்றமடிக்கும் தீட்டு, இவற்றில் எது கண்டாலும் "பால் கட்டின சுரம், தானா விட்டுடும்" என்று விடியும்வரை காத்திராதீர்கள். ராத்திரியானாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். தாமதம் உயிருக்கே ஆபத்து.