பயத்துக்கும் ஒரு மணம் உண்டு

மாலையில் காலிமுகத் திடலுக்குக் காற்று வாங்கப் போகிறவர்கள் பொலிஸ் குதிரைகளைக் கண்டிருப்பார்கள். ஒரு பிள்ளை ஓடிப்போய்க் கையை நீட்டும். இன்னொன்று அம்மாவின் பின்னால் ஒளியும். குதிரை கழுத்தைத் தாழ்த்தும். மூக்குத் துளைகள் விரியும். சூடான மூச்சு பிள்ளையின் உள்ளங்கையில் படும். அந்த ஒரு மூச்சில் குதிரை கையை மட்டுமல்ல, பிள்ளையின் மனதையும் மணந்து பார்க்கிறது.

"பயந்துகொண்டு கிட்டப் போகாதே, அதுக்குத் தெரிந்துவிடும்" என்று பெரியவர்கள் சொல்லும் வார்த்தைக்கு இப்போது சான்று கிடைத்திருக்கிறது. 2023இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சிலருக்குத் திகில் படமும் நகைச்சுவைப் படமும் காட்டி, அப்போது சுரந்த வியர்வையைப் பஞ்சில் எடுத்தார்கள். ஒருவருடைய ஒரு பஞ்சைக் குதிரைக்கு இரண்டு தடவை மணக்கக் கொடுத்தார்கள். மூன்றாம் தடவை, அதே ஆளின் மற்றப் பஞ்சையும் சேர்த்து நீட்டினார்கள். குதிரைகள் புதிய பஞ்சையே கூடுதல் நேரம் மோந்தன. ஆள் ஒருவர்தான், மாறியது மனநிலை மட்டும். எந்தப் பஞ்சு எதுவென்று நீட்டியவருக்கே தெரியாததால், அவருடைய முகத்தைப் பார்த்துக் குதிரை அறிந்திருக்க வழியில்லை.

2026இல் வெளியான அடுத்த ஆய்வு இன்னொரு படி போனது. பயத்தின் மணத்தை மூக்கருகே வைத்தபோது குதிரைகள் எளிதில் வெருண்டன. இதயத் துடிப்பு ஏறியது. மனிதரை நெருங்கித் தொடுவதும் குறைந்தது. எங்கள் பயம் குதிரைக்கும் தொற்றுகிறது என்பதே இதன் பொருள்.

இது எப்படி நடக்கிறது? கண்ணும் காதும் கொண்டுவரும் செய்திகள் தலமசு என்ற நடுநிலையத்தில் இறங்கித்தான் மூளையின் மேற்பகுதிக்குப் போகின்றன. மணத்துக்கு அந்தத் தரிப்பு தேவையில்லை. மூக்கிலிருந்து நரம்பு நுகர்ச்சிக் குமிழுக்குச் செல்கிறது. அங்கிருந்து பயத்தை எழுப்பும் அமிக்டலாவுக்கு நேர்வழி இருக்கிறது. நினைவைச் சேமிக்கும் பகுதியும் பக்கத்திலேயே. ஆகவே மணம் என்னவென்று அடையாளம் காணும் வேலையும் உடம்பைத் தயார்ப்படுத்தும் வேலையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே தொடங்குகின்றன. இன்னொரு புதுமை: வலத் துளையின் செய்தி வலப்பக்க மூளைக்கே போகிறது, இடத் துளையின் செய்தி இடப்பக்கத்துக்கு. 2023 சோதனையில் மணத்துக்கேற்பக் குதிரைகள் இரு துளைகளையும் சமமின்றிப் பயன்படுத்தின. இரண்டு உணர்வுகளையும் மூளை வெவ்வேறாகக் கையாள்கிறது என்பதற்கு இது ஓர் அறிகுறி.

மணத்தை உணரும் மரபணுக்கள் மனிதரில் ஏறக்குறைய 400, நாயில் 800, குதிரையில் 1,000க்கும் மேல். குதிரை வாயால் மூச்சு விடுவதில்லை. மூக்கு ஒன்றே வழி. எனவே ஒவ்வொரு மூச்சும் ஒரு செய்தி.

குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போனால் இதைக் கண்ணால் காணலாம். ஐரோப்பியர் ஆண்ட காலத்தில் வந்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் அங்கே பற்றை வெளிகளில் கட்டில்லாமல் மேய்கின்றன. ஆண்குதிரை சாணக் குவியலருகே நின்று நெடுநேரம் மோக்கும். வந்துபோனது யாரென்று அறியும். பெட்டைக் குதிரை சிறுநீர் விட்ட இடத்தை மோந்ததும் ஆண்குதிரை தலையை உயர்த்தி, மேலுதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டும். பார்ப்பவர்கள் "குதிரை சிரிக்குது" என்பார்கள். உண்மையில் அது மணத்தின் துகள்களை மூக்கின் அடியிலுள்ள ஜேக்கப்சன் உறுப்புக்குள் இழுக்கிறது. இனப்பெருக்கச் செய்திகளைப் படிக்கும் இரண்டாம் மூக்கு அது.

அடுத்த முறை காலிமுகத் திடலில் பிள்ளை பின்வாங்கினால், "ஒன்றும் செய்யாது, போ" என்று தள்ளிவிடாதீர்கள். சவாரிக்காரரிடம் கேட்டுவிட்டு, முதலில் நீங்கள் நிதானமாக மூச்சு விடுங்கள். உங்கள் பதற்றத்தையும் குதிரை மணக்கும். பிள்ளை தானாகக் கை நீட்டும்வரை பொறுத்திருங்கள். அமைதியான கையை மணந்த குதிரையும் அமைதியாக நிற்கக்கூடும்.