சுற்றுகிறது, பிடிக்கவில்லை

ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் வண்டியை நிறுத்திவிட்டு, பால்கோவா வாங்கிக்கொண்டு திரும்பினேன். சாவியைத் திருப்பியதும் 'விர்ர்ர்' என்று ஒரு சத்தம். ஒன்றும் போடாமல் மிக்ஸியை ஓட விட்டால் வருமே, அதே சத்தம். இன்ஜின் அசையவே இல்லை. மறுபடி திருப்பினேன், மறுபடியும் 'விர்ர்ர்'.

டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸோடு வந்துவிட்டார்கள். "பேட்டரி இறங்கிருச்சு அண்ணாச்சி" என்றார் ஒருவர். "செல்ஃப் மோட்டார் போயிருக்கும், ஸ்பானரால ரெண்டு தட்டு தட்டுங்க" என்றார் இன்னொருவர். அக்கறையோடு சொன்னதுதான், ஆனால் இரண்டுமே தப்பு. தப்பு என்று அந்தச் சத்தமே சொல்லிக்கொண்டிருந்தது. பேட்டரி இறங்கியிருந்தால் மோட்டார் அவ்வளவு துடிப்பாகச் சுற்றியிருக்காது. மோட்டார் செத்திருந்தால் சுற்றியே இருக்காது.

கார் ஸ்டார்ட் ஆகாதபோது அது எழுப்பும் சத்தத்துக்கு ஓர் அகராதி உண்டு. ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால், சோலினாய்டு என்ற மின்காந்த சுவிட்ச் இழுத்திருக்கிறது, மோட்டார் சுற்றவில்லை. 'டகடகடக' என்று துடித்தால் பேட்டரியில் சத்து இல்லை, அல்லது டெர்மினலில் உப்புப் பூத்திருக்கிறது. முக்கி முக்கிச் சுற்றினாலும் சந்தேகம் பேட்டரி மேல்தான். 'கர்ர்ர்' என்று பல்லை நறநறவென்று கடித்தால் மோட்டாரின் பல்லும் இன்ஜினின் பல்லும் சரியாகச் சேரவில்லை. 'விர்ர்ர்' என்று வழுவழுப்பாக ஓடினால் மின்சாரத்தில் குறையே இல்லை. மோட்டார் தன் வேலையைச் செய்கிறது, அந்தச் சுழற்சி இன்ஜினுக்குப் போய்ச் சேரவில்லை. இது தெரியாமல் புது பேட்டரி வாங்கிப் போட்டு, அதற்குப் பிறகும் 'விர்ர்ர்' கேட்டு நொந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உறுதி செய்துகொள்ள ஒரு சோதனை போதும். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். இன்ஜினைச் சுழற்றுவது பெரிய பாரம். சின்னக் காருக்கே 100 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் இழுக்கும், விளக்கு மங்கும். பாரமே இல்லாமல் மோட்டார் வெறுமனே ஓடினால் விளக்கு அவ்வளவாக மங்காது. என் காரின் வெளிச்சம் எதிர்ச் சுவரில் அப்படியே நின்றது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். டைமிங் பெல்ட் அறுந்த இன்ஜினும் கிட்டத்தட்ட இதே போலச் சுற்றும். வால்வுகள் தாளம் தப்பிக் கம்ப்ரஷன் இல்லாமல் போவதால், இன்ஜின் இலேசாக, வேகமாக ஓடும். பானட்டைத் திறந்து வைத்து, வேறொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லி, ஃபேன் பெல்ட் புல்லியைத் தள்ளி நின்று பாருங்கள். புல்லி சுற்றினால் கோளாறு இன்ஜினுக்குள். திரும்பத் திரும்ப முயல வேண்டாம். புல்லி அசையாமல் 'விர்ர்ர்' மட்டும் வந்தால்தான் இந்தக் கட்டுரை பேசும் நோய்.

டீக்கடைக்காரர்களே தள்ளிவிட்டார்கள். சாவியை ஆன் செய்து, கிளட்சை மிதித்து, 2-வது கியரில் போட்டு, வண்டி வேகம் பிடித்ததும் கிளட்சை விட்டேன். எடுத்துவிட்டது. செல்ஃப் மோட்டார் செய்ய வேண்டிய வேலையைச் சக்கரங்கள் செய்தன, அவ்வளவுதான். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியாக இருந்தால் இதற்கு வழியில்லை. இன்ஜினை அணைக்காமலே மதுரை-கொல்லம் சாலையில் தெற்கே பன்னிரண்டு கிலோமீட்டர் போல ஓட்டி, ராஜபாளையத்தில் எனக்குத் தெரிந்த பட்டறைக்குப் போனேன்.

ராஜபாளையத்தில் இயந்திரத்தின் சத்தத்தைக் காதால் படிக்கிறவர்கள் அதிகம் என்பது என் எண்ணம். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்து, இந்த ஊருக்கு நூற்பாலை என்பது பிழைப்பு மட்டுமாக இருக்கவில்லை, பயிற்சிக்கூடமாகவும் இருந்திருக்கிறது. நான் தேடிப்போன மெக்கானிக் அண்ணனும் இளமையில் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். நான் வாயால் 'விர்ர்ர்' என்று செய்து காட்டியதும் சிரிக்கவில்லை. "காலைல மொதல் தடவை இப்படிச் சுத்தி, ரெண்டாவது மூணாவது தடவைல பிடிச்சுதா தம்பி?" என்று கேட்டார். ஆமாம், பத்து நாளாக அப்படித்தான். "அப்ப பெண்டிக்ஸ்தான்" என்றார்.

செல்ஃப் மோட்டாரின் சுழற்சியை இன்ஜினுக்குக் கொண்டுசேர்க்கும் பாகம் பெண்டிக்ஸ். அதைப் புரிந்துகொள்ளச் சைக்கிளை நினைத்துக்கொண்டால் போதும். பெடல் மிதித்தால் பின்சக்கரம் சுற்றுகிறது. மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் 'டிக்டிக்' என்று தன் பாட்டுக்கு ஓடுகிறது. அந்தச் சக்கரத்தின் வேகம் திரும்பி வந்து நம் காலைச் சுழற்றாமல் காப்பது ஃப்ரீவீல். செல்ஃப் மோட்டாருக்கும் அதே காவல் வேண்டும். மோட்டாரின் முனையில் இருக்கும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்துக்குப் பெரும்பாலும் 8 முதல் 10 பற்கள். அது போய்க் கடிக்கும் ஃப்ளைவீலின் ரிங் கியரில் நூறு பற்களுக்கு மேல். பினியன் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றினால் இன்ஜின் ஒரு சுற்று சுற்றும். சின்ன மோட்டார் இவ்வளவு பெரிய இன்ஜினை அசைப்பது இந்தக் கணக்கில்தான். கணக்கைத் திருப்பிப் பாருங்கள். இன்ஜின் உயிர்பெற்று நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடும்போது பினியன் இன்னும் கடித்துக்கொண்டிருந்தால், மோட்டாரின் ஆர்மேச்சர் 20,000 சுற்றுக்கு மேல் இழுக்கப்படும். உள்ளே இருக்கும் செம்புக் கம்பிகள் பிய்ந்து சிதறிவிடும். அதனால் மோட்டார் பினியனைச் சுழற்றலாம், பினியன் மோட்டாரைச் சுழற்றக் கூடாது. இந்த ஒருவழிப் பாதைதான் பெண்டிக்ஸுக்குள் இருக்கும் ஒன்வே கிளட்ச். செல்ஃப் ஸ்டார்ட் உள்ள ஸ்கூட்டர், பைக் பலவற்றிலும் 'ஒன்வே' என்று மெக்கானிக்குகள் சொல்வது இதன் உறவுக்காரனைத்தான்.

சைக்கிள் ஃப்ரீவீலில் நாக்குப் போன்ற சின்ன இரும்புத் துண்டுகள் பல்லில் மாட்டிக்கொள்ளும். பெண்டிக்ஸில் பல்லும் இல்லை, நாக்கும் இல்லை. நாலைந்து உருளைகள், அவற்றைத் தள்ளிப் பிடிக்க மெல்லிய ஸ்பிரிங்குகள், ஒரு பக்கம் குறுகிக்கொண்டே போகும் இடுக்குகள். இந்தத் தத்துவத்தை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு முட்டுக்கட்டை தெரியும். சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவில் சரிவான கட்டையைச் செருகினால், சக்கரம் எவ்வளவு முன்னேறப் பார்க்கிறதோ அவ்வளவு இறுகும். பின்னால் சற்று நகர்ந்தால் தளர்ந்துவிடும். ஒரு கையளவு கட்டை அத்தனை டன் எடையை நிறுத்துவது, அந்த எடையையே பிடிமானமாக மாற்றிக்கொள்வதால்தான். பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்றால் தடங்கல் என்று ஆக்கிவிட்டோம். தேரை நிறுத்துவதும் திருப்புவதும் அதன் கையில்தான் இருக்கிறது.

பெண்டிக்ஸின் உருளையும் ஒரு முட்டுக்கட்டை. மோட்டார் வெளிக்கூட்டைச் சுழற்றும்போது உருளை குறுகலான பக்கம் ஓடி, கூட்டுக்கும் பினியன் தண்டுக்கும் நடுவில் ஆப்பாக இறுகும். பாரம் ஏற ஏற இறுக்கமும் ஏறும். இன்ஜின் பிடித்துப் பினியன் முந்தியதும், உருளை அகலமான பக்கம் நகர்ந்து விடுபடும். உருளை தேய்ந்தாலோ, ஸ்பிரிங் சோர்ந்தாலோ, ஆப்பு இறுகாது. அப்போது பினியன் ரிங் கியரை ஒழுங்காகக் கடித்தபடி சும்மா நிற்க, கூடு மட்டும் அதைச் சுற்றி வழுக்கிக்கொண்டு ஓடும். நான் ரத வீதியில் கேட்ட சத்தம் அதுதான்.

அண்ணன் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினார். இதை யாரும் தவறவிடக் கூடாது. செல்ஃப் மோட்டாருக்கு வரும் தடித்த வயரில் ஃப்யூஸ் கிடையாது, ஸ்பானர் பட்டால் பொறி பறக்கும். பிறகு மோட்டாரைக் கழற்றி மேஜையில் வைத்து, பெண்டிக்ஸை உருவி என் கையில் கொடுத்தார். "ஒரு கையால கூட்டைப் பிடிங்க, இன்னொரு கையால பல்லைத் திருப்புங்க." ஒரு பக்கம் சுற்ற வேண்டும், மறுபக்கம் கல்லாக நிற்க வேண்டும். என்னுடையது இரண்டு பக்கமும் சுற்றியது. மறுபக்கம் மட்டும், மணல் விழுந்த பேரிங் போல ஒரு நெருடல்.

"இதை யாரோ மண்ணெண்ணெய்ல ஊறப்போட்டிருக்காங்க" என்றார். எனக்கு நினைவு வந்தது. எட்டு மாதம் முன்பு வேறொரு பட்டறையில் கார்பன் பிரஷ் மாற்றியபோது, எல்லாப் பாகங்களையும் ஒரு தட்டில் போட்டுக் கழுவினார்கள். பளபளவென்று வந்ததைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டேன். ஒன்வே கிளட்ச் வாழ்நாளுக்கும் சேர்த்துக் கிரீஸ் அடைத்து மூடிய பாகம். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ உள்ளே புகுந்தால் அந்தக் கிரீஸ் கரைந்து வெளியேறும். திருப்பி அடைக்க வழியில்லை. உருளைகள் காய்ந்து தேயும். துணியால் துடைப்பதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

கழுவியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆரம்ப காலக் கார்களை ஹேண்டில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு முறியும். அந்த எலும்பு முறிவுக்கு மருத்துவ நூல்களில் 'ஷோஃபர் முறிவு' என்றே பெயர். அமெரிக்காவின் டேட்டன் நகரத்தில் கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மின்மோட்டார் பொருத்திய சார்லஸ் கெட்டரிங், கல்லாப்பெட்டிக்குச் செய்த அதே யோசனையைக் காருக்கும் கொண்டுவந்தார். நாள் முழுக்க ஓட வேண்டிய மோட்டார் என்றால் பெரிதாக இருக்க வேண்டும், சில விநாடிகள் மட்டும் முரட்டுத்தனமாக உழைக்க வேண்டியது என்றால் சின்ன மோட்டாரே போதும். 1912 மாடல் கேடிலாக்கில் அவருடைய செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. இன்றும் சாவியைப் பத்து விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள் என்று சொல்வதன் காரணம் அந்த அடிப்படைக் கணக்குத்தான்.

மோட்டாரை இன்ஜினோடு எளிதாகச் சேர்க்கும் வழியை வின்சென்ட் பெண்டிக்ஸ் என்பவர் கொண்டுவந்தார். 1914-ல் செவ்ரலே காரில் அது ஏறியது. திருகு மரை வெட்டிய தண்டில் கனமான பினியன் தளர்வாக நிற்கும். மோட்டார் சட்டென்று சுற்றியதும், போல்ட்டில் நட்டு ஓடுவது போலப் பினியன் மரையில் ஓடிப்போய் ரிங் கியரைக் கடிக்கும். இன்ஜின் பிடித்ததும் அதுவே உதறித் தள்ளிவிடும். நம் ஊர் அம்பாசடரின் பழைய மாடல்களில் இருந்தது இந்த வகை. மரையில் அழுக்குச் சேர்ந்தால் பினியன் நகராது, மோட்டார் மட்டும் 'விர்ர்ர்' என்று ஓடும். அதற்கு வைத்தியம், மரையை மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் விடாமல் காய வைப்பது. ஒரு தலைமுறை மெக்கானிக்குகளுக்குச் சரியாகப் பலித்த வைத்தியம்.

பிறகு அமைப்பு மாறியது. இப்போதுள்ள மோட்டாரில் சோலினாய்டு ஒரு கவைக்கோலை இழுத்துப் பினியனைத் தள்ளிக் கடிக்க வைக்கிறது. கடித்து முடிக்கும் தறுவாயில்தான் பெரிய மின்சாரம் மோட்டாருக்குப் போகிறது. சென்னை பாடியில் 1961-ல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் போன்ற தொழிற்சாலைகளிலிருந்து இந்த வகை மோட்டார்கள் ஊர் ஊராக வந்தன. உள்ளே இருப்பது வேறு, பெயர் மட்டும் பட்டறைகளில் அதே 'பெண்டிக்ஸ்'. பெயர் ஒன்றாக இருப்பதால் பழைய வைத்தியமும் கூடவே வந்துவிட்டது. ஸ்பானரால் தட்டுவதும் அப்படித்தான். சிக்கிய கார்பன் பிரஷ் தட்டினால் விடுபடும், உண்மை. ஆனால் இன்றைய சின்ன மோட்டார்கள் பலவற்றில் சுருளுக்குப் பதில் காந்தக் கட்டிகள் ஒட்டியிருக்கின்றன. பீங்கான் மாதிரியான பொருள் அது, அடித்தால் விரியும்.

எல்லா 'விர்ர்ர்'ரும் ஒன்வே கிளட்ச் இல்லை என்பதால், அண்ணன் மற்றவற்றையும் பார்த்தார். கவைக்கோல் உடைந்திருந்தால் சோலினாய்டு இழுக்கும், மோட்டார் சுற்றும், பினியன் மட்டும் இடத்தை விட்டு நகராது. தண்டின் ஸ்ப்ளைனில் கிளட்ச் பிளேட்டின் தூசியும் பழைய கிரீஸும் குழைந்து கெட்டியானாலும் பினியனின் நகர்வு கெடும். அங்கே கிரீஸை அள்ளிப் பூசாமல் விரல் நுனியில் தொட்டுத் தடவினால் போதும்.

பிறகு டார்ச்சை வாங்கி, மோட்டார் இருந்த துளை வழியாக ரிங் கியரைக் காட்டினார். நான் இன்ஜினை மெல்லச் சுழற்ற, பற்கள் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வந்தன. ஓர் இடத்தில் பற்களின் ஓரம் மழுங்கியிருந்தது. அப்புறம் நல்ல பற்கள். மறுபடி மழுங்கல். ஒரு முழுச் சுற்றில் மூன்று இடங்கள். "உங்க வண்டி மாருதி 800, மூணு சிலிண்டர்" என்றார். அணைக்கும்போது இன்ஜின் கண்ட இடத்தில் நிற்பதில்லை. ஏதோ ஒரு சிலிண்டரின் கம்ப்ரஷன் அதைத் தடுக்கும் இடத்தில்தான் நிற்கும். அடுத்த முறை பினியன் வந்து கடிப்பதும் அதே பற்களைத்தான். நாலு சிலிண்டர் என்றால் எதிரெதிராக இரண்டு இடங்கள் தேயும், மூன்று சிலிண்டர் என்றால் மூன்று. வண்டியின் அத்தனை காலைகளும் அந்தப் பற்களில் பதிந்திருந்தன. ரிங் கியர் மோசமாகத் தேய்ந்த வண்டிக்கு உடனடி உதவி ஒன்று உண்டு. சாவியை அணைத்து, டாப் கியரில் போட்டு, வண்டியை ஓரடி முன்னே தள்ளினால் வேறு பற்கள் எதிரே வரும். அதன் பிறகு பிடித்தால் குற்றவாளி ரிங் கியர். அப்போதும் 'விர்ர்ர்' என்றால் பெண்டிக்ஸைத்தான் கழற்ற வேண்டும்.

"இந்தப் பல்லு இன்னும் நாலஞ்சு வருசம் தாங்கும்" என்று டார்ச்சை அணைத்தார். புதுப் பெண்டிக்ஸைப் பெட்டியிலிருந்து எடுத்து, பொருத்துவதற்கு முன் என் கையில் கொடுத்துத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். ஒரு பக்கம் பட்டுப் போலச் சுற்றியது. மறுபக்கம் அசையவில்லை.