பேட்டரிக்குப் பசிக்கும்போது

1990-களின் முதற்பாதியில், போர் நடந்துகொண்டிருந்த யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் வரவில்லை. டார்ச் பேட்டரிகூட எளிதில் கிடைக்காத பொருள். செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சக்கரத்தின்மீது சாய்த்து, ஒருவர் கையால் பெடலைச் சுற்றுவார். மற்றவர்கள் வானொலியைச் சூழ்ந்து காது கொடுப்பார்கள். சுற்றுகிறவருக்குக் கை ஓய்ந்தால் செய்தி வாசிப்பவருக்கும் குரல் தேயும்.

சைக்கிள் டைனமோவின் மொத்த வலிமை 6 வோல்ட், 3 வாட். நல்ல தெம்புள்ள ஓர் ஆள் தொடர்ந்து மிதித்துத் தரக்கூடியது சுமார் 100 வாட். அப்படிப் பத்து மணி நேரம் மிதித்தால், மின்கட்டண அட்டையில் ஒரு யூனிட். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் அடங்கியிருப்பதோ ஏறத்தாழ 9 யூனிட். அதாவது, ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் தொண்ணூறு மணி நேர மிதி!

அந்த மிதியை வெளியே எடுத்துப் பேட்டரிக்குள் கட்டிவைக்க, மின்கம்பி எட்டாத இடங்களில் வாழ்பவர்கள் கையாளும் வழி பார்வைக்கு மிக எளியது. சின்ன எஞ்சின் ஒன்று, காயலான் கடையிலிருந்து ஒரு கார் ஆல்டர்னேட்டர், ஒரு பெல்ட், ஒரு பேட்டரி. ஒரு ஸ்டூல் அகலத்தில் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் நான்குக்கும் நான்கு குணம். எஞ்சினுக்கு நல்ல பாரம் வேண்டும். ஆல்டர்னேட்டருக்கு அசுர வேகம் வேண்டும். பெல்ட்டுக்கு இறுக்கம் வேண்டும். பேட்டரியோ முதலில் ஆவலாகத் தின்றுவிட்டு, பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குழந்தை. இவர்களை ஒரே பந்தியில் உட்கார வைப்பதில்தான் வித்தை இருக்கிறது.

ஆல்டர்னேட்டரிலிருந்து தொடங்குவோம். மெக்கானிக்குகள் பலர் இன்னும் இதை ‘டைனமோ’ என்றுதான் சொல்வார்கள். பழைய கார்களில் இருந்தது உண்மையிலேயே டைனமோதான். 1960-இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தியது. அதன்பின் டைனமோவின் காலம் மெல்ல முடிந்தது. பிரித்துப் பார்த்தால் நடுவே ஒரு சுழலி. இரண்டு கைகளின் விரல்களைக் கோத்துக்கொண்டதுபோல் இரும்பு நகங்கள் அதைக் கவ்வியிருக்கும். பெரும்பாலும் ஒரு பக்கம் ஆறு விரல், மறுபக்கம் ஆறு விரல். உள்ளே இருப்பது ஒரே ஒரு செம்புச் சுருள். அதில் மின்சாரம் ஓடினால் ஒரு கையின் விரல்கள் எல்லாம் வடதுருவம், மறு கையின் விரல்கள் எல்லாம் தென்துருவம். ஒரு சுருளைக் கொண்டு பன்னிரண்டு துருவங்கள்! நிமிடத்துக்கு 6,000 சுற்று சுழலும்போது வெளிச்சுருள்களில் வினாடிக்கு 600 முறை மின் அலை எழும்பி அடங்குகிறது. நம் வீட்டு மின்சாரத்தில் அது வெறும் 50.

இப்படி முன்னும் பின்னும் அலையும் மின்சாரம் பேட்டரிக்கு ஆகாது. ஒரே திசையில் ஊட்ட வேண்டும். அதற்கு ஆறு டயோடுகள். டயோடு என்பது மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் சிலிக்கன் சில்லு. தள்ளினால் திறந்து, இழுத்தால் மூடிக்கொள்ளும் கதவு. இதே கதவுகள் இன்னொரு வேலையையும் சத்தமில்லாமல் செய்கின்றன. எஞ்சின் நின்றபின் பேட்டரியின் மின்சாரம் வந்த வழியே திரும்பி ஓடிவிடாமல் காக்கின்றன. டைனமோ காலத்தில் இதற்கென்றே ‘கட்-அவுட்’ என்று டிக் டிக்கென அடித்துக்கொள்ளும் தனிப் பெட்டி இருந்தது.

ஒரு புதிர் பாக்கி. சுழலியில் இருப்பது மின்காந்தம். மின்சாரம் இருந்தால்தான் அது காந்தம். காந்தம் இருந்தால்தான் மின்சாரம். முதல் பொறியை யார் போடுவது? கார் சாவியைத் திருப்பியதும் பேட்டரிப் படத்தோடு எரியும் சிவப்பு விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய கார்களில் அது வெறும் எச்சரிக்கை விளக்கு அல்ல. பேட்டரியிலிருந்து கொஞ்சம் மின்சாரம் அந்தக் குமிழ் வழியாகத்தான் சுழலிக்குப் போய்க் காந்தத்தை எழுப்பும். ஆல்டர்னேட்டர் உற்பத்தியைத் தொடங்கியதும் விளக்கின் இரண்டு முனையிலும் ஒரே வோல்ட் நிற்கும். மேடு பள்ளம் இல்லாத இடத்தில் தண்ணீர் ஓடாது, விளக்கு அணைந்துவிடும். அணைவதே நல்ல செய்தி என்று ஒரு விளக்கை வடிவமைத்தவருக்கு நல்ல குறும்பு இருந்திருக்க வேண்டும். வீட்டில் இந்த அமைப்பைக் கட்டுகிறவர்கள் ‘விளக்கு எதற்கு’ என்று விட்டுவிட்டு, எஞ்சின் எவ்வளவு கத்தியும் சார்ஜ் ஏறாமல் தலையைப் பிய்த்துக்கொள்வது உண்டு.

சுழலிக்குள் போவது மூன்று நான்கு ஆம்பியர். அதைக் கூட்டிக் குறைத்தே, வெளியே வரும் ஐம்பது ஆம்பியரை அடக்கி ஆள முடிகிறது. யானையின் காதோரம் பாகனின் கால் விரல்போல. ரெகுலேட்டர் என்னும் சின்ன மின்னணு வில்லை அந்த மூன்று ஆம்பியரைக் கணந்தோறும் வெட்டி வெட்டி விட்டு, வெளி வோல்ட்டை 14.4-ஐ ஒட்டி நிறுத்துகிறது.

இனி எஞ்சின். 14 வோல்ட்டில் 50 ஆம்பியர் என்றால் 700 வாட். ஆல்டர்னேட்டர் வாங்குவதில் ஏறக்குறைய பாதியைத்தான் மின்சாரமாகத் திருப்பித் தரும். ஆகவே ஒரு குதிரைத்திறனுக்கு 25 ஆம்பியர் என்பது கைக்கணக்கு. தண்ணீர் இறைக்கும் மூன்று குதிரைத்திறன் எஞ்சின் தாராளமாகப் போதும். மீதிப் பாதி வெப்பமாகப் போகிறது. பெரிய அளவுதான்: இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் பாதிக்கு மேல், ஒரு தேங்காய் அளவு இரும்புக்குள். காரில் ஓடும்போது அது முழு பாரத்தில் இருப்பது கொஞ்ச நேரம்தான். இங்கே மணிக்கணக்கில் இழுக்கிறது. அதனால் அதன் விசிறி முகத்தை மறைக்காமல் காற்றோட்டமாக வைக்கத் தெரிந்தவரின் ஆல்டர்னேட்டர்தான் நீடிக்கும்.

எஞ்சினின் நிமிடத்துக்கு 3,000 சுற்றை 6,000 ஆக்குவது புல்லி. எஞ்சின் பக்கம் ஐந்து அங்குலம், மறுபக்கம் இரண்டரை அங்குலம்; தீர்ந்தது. பெல்ட்டின் குறுக்குவெட்டு ஆப்பு வடிவம். பாரம் கூடக் கூட அது புல்லியின் பள்ளத்துக்குள் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டு பிடியை இறுக்கும்.

மிகச் சாதாரணமாகத் தெரியும் கம்பிதான் பலரைக் கவிழ்க்கிறது. வீட்டு ப்ளக் பாயிண்டுக்கு இழுக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை எடுத்துக்கொள்வோம். பேட்டரிக்குப் போக ஒரு மீட்டர், திரும்பி வர ஒரு மீட்டர். ஐம்பது ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.7 வோல்ட் தொலையும். தன் வாசலில் 14.4 வோல்ட் இருப்பதைப் பார்த்து ரெகுலேட்டர் திருப்தியாக உட்கார்ந்திருக்கும். பேட்டரிக்குக் கிடைப்பது 13.7. அந்த அளவில் அது நிறைய வெகுநேரம் பிடிக்கும். விரல் பருமனில், முடிந்தவரை குட்டையாகக் கம்பி போடுவது இதனால்தான்.

ஓடும்போது பேட்டரிக் கம்பியைக் கழற்றவும் கூடாது. ‘டைனமோ வேலை செய்கிறதா’ என்று கழற்றிப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் பழக்கம். ஆல்டர்னேட்டரில் அது விஷப்பரீட்சை. சுழலியின் காந்தம் நினைத்தவுடன் மறையாது. போக்கிடம் இழந்த மின்சாரம் ஒரு கணத்தில் 100 வோல்ட்டுக்கும் மேலே எகிறி, டயோடுகளைப் பொசுக்கிவிடலாம்.

இத்தனையும் சரியாக அமைந்தால் கணக்கு என்ன? லிட்டருக்கு 9 யூனிட். சிறு எஞ்சின் அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சுழற்சியாக்கும்: 1.8. ஆல்டர்னேட்டரைத் தாண்டுவது ஏறக்குறைய ஒன்று. பேட்டரியில் போட்டு எடுத்தால் 0.8. பரிதாபம் என்று தோன்றும். ஆனால் 9 வாட் எல்.இ.டி. விளக்கை அந்த 0.8 யூனிட் மூன்றரை நாள் அணையாமல் எரிக்கும். அதே விளக்குக்காக எஞ்சினை இரவெல்லாம் ஓட விடுவது, ஒரு தம்ளர் காப்பிக்குக் கல்யாண அடுப்பை மூட்டுவதுபோல. பாரம் இல்லாமல் ஓடும் எஞ்சின் தன்னைச் சுற்றிக்கொள்ளவே எண்ணெய் குடிக்கும். ஆகவே ஒரு மணி நேரம் கடுமையாக ஓட்டிவிட்டு நிறுத்து. பிறகு பேட்டரி நிதானமாக, சத்தமில்லாமல் பரிமாறட்டும்.

இந்த யோசனைக்கு நூறு வயது கடந்துவிட்டது. கார்களுக்குச் செல்ஃப் ஸ்டார்ட்டர் தந்த சார்லஸ் கெட்டரிங், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பண்ணையில் வளர்ந்தவர். 1916-இல் அந்த மாநிலத்திலிருந்தே அவர் முயற்சியில் ‘டெல்கோ-லைட்’ என்ற இயந்திரம் விற்பனைக்கு வந்தது: ஒற்றை சிலிண்டர் எஞ்சின், அதனோடு நேரே இணைந்த ஜெனரேட்டர், 16 கண்ணாடி ஜாடிகளில் பேட்டரி. ஜாடிக்கு 2 வோல்ட், மொத்தம் 32. பெல்ட்டே கிடையாது. பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் ஜெனரேட்டரே மோட்டாராக மாறி எஞ்சினைக் கிளப்பும். கிளம்பிய எஞ்சின் ஜெனரேட்டரைச் சுழற்றிப் பட்ட கடனை அடைக்கும். 1930-களின் நடுவிலும் அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்பதுக்குப் பொது மின்கம்பி போய்ச் சேரவில்லை.

டெல்கோ-லைட் ஓடியது மண்ணெண்ணெயில். இங்கே யாழ்ப்பாணம் மறுபடி நினைவுக்கு வருகிறது. பெட்ரோல் கிடைக்காத அந்த ஆண்டுகளில் அங்கே மோட்டார் சைக்கிள்களுக்குச் சில துளி பெட்ரோல் காட்டிக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, ஆவியாகாதது பற்றாது. சிலிண்டர் சூடேறிவிட்டால் அந்தச் சூடே அதை ஆவியாக்கிக் கொடுக்கும். அடுப்பெரிக்கும் எண்ணெயை வண்டி எண்ணெயாக்க அந்தச் சில துளிகளே போதுமாக இருந்தன.

கடைசியாகப் பேட்டரி. 1859-இல் பிரான்சின் காஸ்தோன் பிளான்தே செய்த ஈய-அமில மின்கலம்தான் இன்றும் இதன் சாரம். மின்சாரம் தரத் தர, இரண்டு தகடுகளின்மீதும் ஈய சல்பேட் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் ஏற்றினால் எல்லாம் தலைகீழ். வெறும் வயிற்றோடு இருக்கும் பேட்டரி கொடுத்ததையெல்லாம் வாங்கும். எண்பது சதவீதம் நிரம்பியதும் வாய் சிறுத்துவிடும். மீதி இருபதுக்குப் பல மணி நேரம்; ஆம்பியரோ ஐந்து, மூன்று, இரண்டு. அதைப் புகட்ட எஞ்சினை ஓட்டினால் மீண்டும் கல்யாண அடுப்புக் கதைதான். அவசரப்பட்டு வோல்ட்டைக் கூட்டினால் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் கிளம்பும். காற்றில் அது 4 சதவீதம் கலந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். அதனால் பேட்டரிக்குத் திறந்த சன்னல். புகைக்கு அஞ்சி எஞ்சினுக்குத் திறந்த வெளி.

அதற்காகப் பாதி வயிற்றோடே விட்டுவைக்கவும் முடியாது. மென்மையாகப் படிந்த சல்பேட் வாரக்கணக்கில் கிடந்தால் உப்புக்கல்போல இறுகி, மறுபடி கரைய மறுக்கும். இதற்குச் சல்பேற்றம் என்று பெயர். பல பேட்டரிகள் இதனால்தான் சாகின்றன. இன்று விவரம் தெரிந்தவர்கள் முதல் எண்பதை எஞ்சினிடமும் கடைசி இருபதை ஒரு சிறு சூரியத் தகட்டிடமும் விடுகிறார்கள். ஒன்று பசி தீர்க்கும். மற்றது மெதுவாக ஊட்டும்.

டெல்கோ-லைட் காலப் பண்ணைகளில் சூரியத் தகடு இல்லை. எங்கே நிறுத்துவது என்று சொல்ல, அக்காலப் பண்ணை பேட்டரிகளின் சில ஜாடிகளில் சிறு பந்துகளைப் போட்டுவைத்தார்கள். சார்ஜ் இறங்கினால் அமிலம் நீர்த்து இலேசாகும், பந்து அடியில் போய்க் கிடக்கும். சார்ஜ் ஏறினால் அமிலம் கனக்கும், பந்து எழும்பும். கண்ணாடிக்குள் அது மேலே வந்து மிதப்பதைப் பார்த்துவிட்டு, பண்ணைக்காரர் போய் எஞ்சினை நிறுத்துவார்.