பழைய குடிநீர்க் குழாய்களை மாற்றியமைக்கும் முறை

ஊரில் கிணறு வற்றாதிருந்தும், மேல்நிலைத் தொட்டி நாள்தோறும் நிரம்பியும், கடைத் தெருவிலுள்ள வீடுகளில் நீர் நூலிழைபோல் ஒழுகுவதுண்டு. இக்குறைக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பவை நிலத்தடியில் துருவேறிக் கிடக்கும் பழைய இரும்புக் குழாய்களே. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், ஒவ்வொரு கிராமத்து வீட்டிற்கும் குழாய் இணைப்பு அளித்து, தலைக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீர் வழங்குவதை நோக்கமாகக் கொண்டது. அந்நீர் கடைசி வீடு வரை சென்றடைய வேண்டுமெனில், குழாய்களின் நிலையைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் கவனித்தல் இன்றியமையாதது.

துருவினால் விளையும் கேடு

துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில் பூச்சு தேய்ந்தபின் உட்புறம் துருக் கட்டிகள் வளர்கின்றன. 50 மில்லிமீட்டர் உள்வழி 25 மில்லிமீட்டராகக் குறுகினால், அதே அழுத்தத்தில் செல்லும் நீர் பாதியாகக் குறைவதில்லை. ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகிவிடுகிறது. துரு குழாயைத் துளைத்துவிட்டாலோ இழப்பு இன்னும் பெரிது. நிமிடத்திற்கு 1 லிட்டர் கசிந்தால் நாளொன்றுக்கு 1,440 லிட்டர் வீணாகும். இஃது 26 பேருக்கு உரிய நீராகும்.

இதனினும் கொடியது மற்றொன்று. நீர் நிறுத்தப்படும் வேளையில் குழாய் வெறுமையாகி, வெளியிலுள்ளதை உள்ளே இழுக்கும். கசியும் குழாய் சாக்கடையை ஒட்டிச் சென்றால் கழிவு நீர் அதனுள் புகும். வயிற்றுப்போக்கும் காமாலையும் ஊரில் பரவுவதற்கு இதுவும் ஒரு வழியாகும்.

குழாயைத் தேர்ந்தெடுத்தல்

பி.வி.சி. குழாய் துருப்பிடிப்பதில்லை, உட்புறம் வழவழப்பானது, எடை குறைந்தது. ஆனால் அளவு குறிக்கும் முறை வேறு. இரும்புக் குழாயை உள்வழி அளவாலும், பி.வி.சி. குழாயை வெளிவிட்டத்தாலும் குறிப்பர். ஆதலின் 50 மி.மீ. இரும்புக் குழாய்க்குப் பதிலாக 50 மி.மீ. பி.வி.சி. குழாயை வாங்கினால் உள்வழி குறுகிவிடும்; 63 மி.மீ. குழாயே அதற்கு ஈடாகும். மதிப்பீட்டைப் பார்வையிடும்போது இதனை மறவாது கேட்டறிதல் வேண்டும்.

குடிநீருக்கான பி.வி.சி. குழாயில் இந்தியத் தர அமைவனத்தின் முத்திரையும் 4985 என்னும் தர எண்ணும் இருத்தல் அவசியம். நிலம் வெடித்து அசையும் கரிசல் மண்ணில், வளைந்து கொடுக்கும் பாலிதீன் குழாய் ஏற்றது. அதன் தர எண் 4984. வெப்பத்தால் உருக்கி இணைக்கப்படுவது.

பிளாஸ்டிக் எல்லா இடத்திற்கும் பொருந்தாது. வெயில் பட்டால் பி.வி.சி. நாளடைவில் நொறுங்கும். எனவே, நிலத்திற்கு மேல் எழும் தெருக்குழாய்க் கம்பத்திற்கு இரும்பே தக்கது. விடுதி, மருத்துவ நிலையம் ஆகியவற்றின் வெந்நீர் வழிக்கும் சாதாரண பி.வி.சி. ஆகாது, சூட்டில் இளகிவிடும். அங்கே செம்பு அல்லது வெந்நீர் தாங்கும் சி.பி.வி.சி. வேண்டும். செம்புக் குழாய் வழியே வந்த நீரைத் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில் செலுத்துதல் கூடாது; கரைந்துவரும் செம்பு அவ்விரும்பை விரைந்து அரிக்கும்.

பதித்தலும் இணைத்தலும்

குழாயைச் சுமார் 3 அடி ஆழத்தில், கல் நீக்கிய மண் அல்லது மணல் படுகையின்மீது பதிக்க வேண்டும். கழிவுநீர்க் குழாயிலிருந்து இயன்றவரை 10 அடி தள்ளியே செல்ல வேண்டும். குறுக்கிட நேரின் குடிநீர்க் குழாய் மேலே இருத்தல் வேண்டும்.

பசையிட்டு இணைக்கும் முனைகளை நேராக அறுத்து, பிசிர் நீக்கி, ஈரமும் மண்ணும் போகத் துடைத்து, இரு பக்கமும் பசை தடவி, இறுதிவரை செலுத்திச் சற்று நேரம் பிடித்திருக்க வேண்டும். ஒரு நாள் உலர்ந்த பின்னரே அழுத்தம் கொடுக்கலாம். இரும்பும் பிளாஸ்டிக்கும் சேருமிடத்தில் பித்தளை மரை பதித்த இணைப்பைப் பயன்படுத்துக. வெறும் பிளாஸ்டிக் மரையில் இரும்பை முறுக்கினால் அது பிளந்துவிடும்.

மூடுவதற்கு முன்

இணைப்புகளை மூடாது விட்டு, வேலை அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் சோதிக்க வேண்டும். பின்னர் குழாயைக் கழுவி, லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் கலந்த நீரை ஒரு நாள் தேக்கி வெளியேற்ற வேண்டும். 100 மீட்டர் நீளமுள்ள 63 மி.மீ. குழாய் சுமார் 260 லிட்டர் கொள்ளும். அதற்கு 25 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் தூள் 52 கிராம் போதும். அந்நீரை மீண்டும் கழுவி அகற்றிய பின்னரே குடிநீர் விடுக. அதன்பின் நாள்தோறும் கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சோதனை நாளில் வார்டு உறுப்பினரும் அத்தெருவினர் சிலரும் உடனிருப்பது நன்று. குழாய் செல்லும் வழி, வால்வு உள்ள இடம், ஆழம் ஆகியவற்றை வரைபடமாக்கிப் பஞ்சாயத்து அலுவலகத்தில் வைத்து, கிராம சபையிலும் காட்டுக. மண் மூடிய பின் குறை காண்பது அரிது. மீண்டும் தோண்டும் செலவோ ஊர்ப் பணத்தையே சேரும்.