குழந்தைகளின் பிரார்த்தனை

தமிழ்நாட்டுக் குழந்தைகளில் பலர் முதன் முதலில் மனப்பாடம் செய்யும் பிரார்த்தனை, ஔவையார் பெயரால் வழங்கும் ஒரு வெண்பா. பிள்ளையாருக்கு நாலு தின்பண்டங்களைத் தருவதாகச் சொல்லி, அவரிடம் மூன்று தமிழையும் கேட்கிற பாட்டு அது. நாலு கொடுத்து மூன்று வாங்குகிற வியாபாரம் என்று பெரியவர்கள் சிலர் அதை வேடிக்கையாகப் பேசுவதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு சிறுவன் தன் கையிலிருக்கும் கடலை மிட்டாயை அடுத்த வீட்டுப் பையனிடம் நீட்டி, "உன் பம்பரத்தைக் கொஞ்சம் தருகிறாயா?" என்று கேட்பதில்லையா? அதற்கு வியாபாரம் என்றா பெயர்? சிநேகம் என்றல்லவா சொல்லுகிறோம்! கேட்கிறவனுக்கு எதிரே ஒருவன் நிற்கிறான், அவனுக்கும் மிட்டாய் பிடிக்கும் என்பதில் சந்தேகமே இல்லை.

பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனையின்போது குழந்தைகளின் வரிசைக்கு எதிரே நிற்பது என் உத்தியோகத்தைச் சேர்ந்த காரியம். இருபது வருஷங்களுக்கு மேலாக நின்று வருகிறேன். எல்லோரும் சேர்ந்து பாடும்போது அந்த முகங்களில் விசேஷமாக ஒன்றும் தெரியாது. ஒருவன் காலடியில் ஊரும் எறும்பைப் பார்ப்பான்; இன்னொருத்தி ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டு, மற்றவர்கள் மூடியிருக்கிறார்களா என்று சோதிப்பாள். பாட்டு முடிந்த பிறகு ஒரு நிமிஷம் மௌனமாக நிற்கச் சொல்லுவோம். அப்போதுதான் சில உதடுகள் மெல்ல அசையத் தொடங்கும்.

அந்த உதடுகள் என்ன சொல்லுகின்றன என்று அறிய ஆவல் கொண்டு, ஒரு வருஷம் ஆறாம் வகுப்பில், "கடவுளிடம் ஒன்று கேட்கலாமென்றால் என்ன கேட்பாய்?" என்று கட்டுரைப் பாடம் கொடுத்தேன். ஒரு பையன், வீட்டுப் பசு சினையாயிருப்பதாகவும், பிறப்பது கிடாரிக் கன்றாக இருக்கவேண்டுமென்றும், காளையாக இருந்தால் மாமா விற்றுவிடுவாரென்றும் எழுதியிருந்தான். தாத்தாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக நடக்கவேண்டும் என்றான் மற்றொருவன். வேறொருவன், கணக்கு ஆசிரியருக்கு ஒரே ஒரு நாள் ஜுரம் வரட்டும் என்று விண்ணப்பித்துக்கொண்டு, "அதிக ஜுரம் வேண்டாம்" என்றும் கருணையோடு சேர்த்திருந்தான். அந்த வகுப்புக்குத் தமிழோடு கணக்கும் நானே சொல்லிக்கொடுத்து வந்தேன் என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும்.

அல்லாவை அழைத்த குழந்தைகளும், ஏசுவை அழைத்த குழந்தைகளும், முருகனை அழைத்த குழந்தைகளும் அந்த வகுப்பில் இருந்தார்கள். பெயர்களை எடுத்துவிட்டால் எந்தத் தாள் யாருடையது என்று கண்டுபிடித்திருக்க முடியாது. உலக க்ஷேமத்தை வேண்டியவர்கள் ஒருவர்கூட இல்லை. தாள்களில் எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். பொருளில் திருத்துவதற்கு ஒன்றும் அகப்படவில்லை.

எல்லாவற்றிலும் சிறியதாக இருந்தது ஒரு பெண்குழந்தையின் தாள். "அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அவளைச் சீக்கிரம் அனுப்பிவிடு. தம்பி ராத்திரியில் அழுகிறான். அவனுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை." இவ்வளவுதான்.

நம் வீடுகளில் யாருக்காவது உடம்புக்கு வந்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? ஸஹஸ்ரநாமம் பாராயணம் செய்கிறோம், கவசம் சொல்லுகிறோம், ஜாதகத்தை எடுத்துப் பார்க்கிறோம், குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கிறோம். இவை வேண்டாமென்று சொல்ல நான் முன்வரவில்லை. பெரியோர்கள் உள்ளம் உருகிப் பாடியவற்றை நாம் இரவல் வாங்கிக்கொள்வதில் தவறு என்ன? ஆனால் ஆயிரம் நாமங்களையும் சொல்லி முடித்த பிறகும், "எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை" என்ற ஒரு வாக்கியம் நம் வாயிலிருந்து வருகிறதா என்பதுதான் கேள்வி. அதைச் சொல்லக் கௌரவம் தடுக்கிறது. கடவுளுக்கு முன்னால்கூட நாம் கொஞ்சம் நன்றாக உடுத்திக்கொண்டுதான் நிற்கிறோம்.

இந்த விஷயம் நம் முன்னோர்களுக்குத் தெரியாததல்ல. சேக்கிழார் பெரிய புராணத்தில் சொல்லும் சீகாழிக் குளக்கரையை நினைத்துப் பாருங்கள். தந்தையார் சிவபாத இருதயர் நீரில் மூழ்கி மந்திரம் ஜபித்துக்கொண்டிருக்கிறார். கரையில் மூன்று வயதுக் குழந்தை, தந்தையைக் காணாமல், கோயிலை நோக்கி அம்மையையும் அப்பனையும் கூவி அழுகிறது. அம்மை பாற்கிண்ணத்துடன் கரைக்குத்தான் வந்தாள். தந்தையாருடைய ஜபம் பயனற்றது என்று இதற்கு அர்த்தமில்லை. அவர் குளிக்க வந்திராவிட்டால் குழந்தை குளக்கரைக்கே வந்திராது. இருந்தாலும், பதில் யாருக்குக் கிடைத்தது என்பதைச் சேக்கிழார் மறைக்கவில்லை.

கடலூர் மாவட்டத்தில், காட்டுமன்னார்கோயிலுக்கு அருகே திருநாரையூர் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள பிள்ளையாருக்குப் பொள்ளாப் பிள்ளையார் என்று திருநாமம். 'பொள்ளா' என்றால் உளியால் செதுக்காத, தானாகத் தோன்றிய என்று பொருள். பூஜை செய்யும் தந்தை ஒரு நாள் வெளியூர் போக நேர்ந்ததால், சிறுவன் நம்பி நைவேத்தியத்தை எடுத்துக்கொண்டு சந்நிதிக்குப் போகிறான். ஸ்வாமிக்கு அமுது செய்விப்பது என்று வீட்டில் பேசுவதை அவன் நாள்தோறும் கேட்டவன். பெரியவர்களுக்கு அது ஒரு வழக்குச் சொல். நம்பிக்கோ அதற்கு ஒரே அர்த்தம்தான்: பிள்ளையார் சாப்பிடுவார். வைத்த அன்னம் வைத்தபடியே இருந்தது. தன்னிடம் என்ன குற்றமோ என்று கலங்கி, அந்தக் கல்லிலேயே தலையை மோதிக்கொண்டான். பிள்ளையார் அவனைத் தடுத்து, அமுது செய்தார் என்பது வரலாறு. பிற்காலத்தில் தில்லையில் கறையான் அரித்துக் கிடந்த தேவார ஏடுகளை மீட்டுத் திருமுறைகளாகத் தொகுத்த நம்பியாண்டார் நம்பி இந்தச் சிறுவனே.

இதே கதை மகாராஷ்டிரத்தில், பண்டரிபுரத்தில், நாமதேவரைப் பற்றியும் வழங்குகிறது. அங்கே அன்னத்துக்குப் பதில் பால். பிள்ளையாருக்குப் பதில் விட்டலன். நாமதேவருடைய பாடல்கள் சீக்கியர்களின் குரு கிரந்த ஸாஹிபிலும் சேர்ந்திருக்கின்றன. பால் கதையும் அங்கே ஒரு பாட்டில் வருகிறது. காவிரி நாட்டிலும் பீமா நதிக் கரையிலும் பஞ்சாபிலும் ஜனங்கள் இந்த ஒரு கதையைப் போற்றி வைத்திருப்பானேன்? சொன்ன சொல்லைச் சொன்னபடியே நம்பும் ஒருவனையாவது பார்க்கவேண்டும் என்ற தாகம்தான் என்று எனக்குப் படுகிறது.

குழந்தையின் பிரார்த்தனை பயத்தில் பிறக்கிறது, ஆசையில் பிறக்கிறது, அது உயர்ந்த பக்தியாகாது என்று சொல்லும் பண்டிதர்கள் இருக்கிறார்கள். காந்தியடிகள் 'சத்திய சோதனை'யில் தம் பால்யத்தைப் பற்றி எழுதியிருப்பதை இவர்கள் ஒரு முறை படிக்கலாம். 1869-ஆம் வருஷம் போர்பந்தரில் பிறந்த அந்தக் குழந்தைக்குப் பேய் பிசாசு என்றால் நடுக்கம். வீட்டில் வேலை செய்த ரம்பா என்ற செவிலி, பயம் தோன்றும்போதெல்லாம் ராமநாமத்தைச் சொல் என்று கற்றுக்கொடுத்தாள். படித்தவளோ உபதேச குருவோ அல்ல அவள். இருட்டுக்கு அஞ்சிச் சொல்லத் தொடங்கிய அந்த நாமமே பிற்காலத்தில் தமக்கு உற்ற மருந்தாயிற்று என்று அவர் எழுதுகிறார். பிரார்த்தனை என்பது கேட்பதல்ல என்று பின்னாளில் உபதேசித்தவரும் அவரேதான். ஆனால் கேட்பதில்தான் அவரும் தொடங்கினார். 1948 ஜனவரி 30 அன்று மாலை, டில்லியில் அவர் நடந்துகொண்டிருந்தது பிரார்த்தனைக் கூட்டத்துக்கு.

கேட்டது கிடைக்காவிட்டால் என்ன ஆகிறது என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. திருநாரையூர்ப் பிள்ளையார் உண்டார். எல்லாச் சந்நிதியிலும் அப்படி நடப்பதில்லை.

அந்தப் பெண்குழந்தையின் தாய் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. பதினைந்து நாள் கழித்துக் குழந்தை பள்ளிக்கூடம் வந்தது. காலைப் பிரார்த்தனையில் எல்லோரும் கைகூப்பி நிற்க, அவள் மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். உடற்பயிற்சி ஆசிரியர் அதட்டப் போனார், நான் தடுத்துவிட்டேன். பிறகு தனியாக அழைத்து விசாரித்தபோது, "ஸ்வாமியோடு நான் பேசுகிறதில்லை, ஸார்" என்றாள்.

அந்தப் பதிலைப் பற்றி வெகு நாள் யோசித்திருக்கிறேன். ஸ்வாமி இல்லை என்று அவள் சொல்லவில்லை. விதி என்றோ, கர்மம் என்றோ, எல்லாம் நன்மைக்கே என்றோ நாம் அவசர அவசரமாகச் சொல்லிக்கொள்ளும் சமாதானம் எதையும் சொல்லவில்லை. இல்லாத ஒருவரோடு யாரும் பேச்சை நிறுத்துவதில்லை. நம்பி கல்லில் தலையை மோதினானே, அதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. துக்கத்தில் நாம் பூஜையை ஒரு நாளும் நிறுத்தாமல் நடத்திவிடுகிறோம். ஆனால் அங்கே யாரோடாவது பேசுகிறோமா என்பது எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

அவளை நான் வற்புறுத்தவில்லை. ஐப்பசி போய்க் கார்த்திகையும் போயிற்று. மார்கழியில் ஒரு நாள் காலை வரிசையில் பார்த்தபோது அவள் கைகள் முன்னால் வந்திருந்தன, உதடுகளும் அசைந்தன. வகுப்புக்குப் போகும் வழியில், "என்ன அம்மா, பேசிவிட்டாயா?" என்று கேட்டேன்.

"நேற்று ராத்திரிதான், ஸார். தம்பிக்கு ஜுரம்" என்றாள்.