நாலு இருக்கை, மூணு ஆள்

உலகில் மிக அதிகமாகத் தயாரிக்கப்பட்ட விமானம் போயிங்கும் அல்ல, ஏர்பஸ்ஸும் அல்ல. 1956 முதல் 44,000-க்கு மேல் விற்றுத் தீர்ந்த செஸ்னா 172 என்ற ஒற்றை எஞ்சின் குட்டி விமானம்தான் அது. அமெரிக்காவின் சின்னச் சின்ன ஊர்களில்கூட ஓடுபாதை ஓரத்தில் நாலைந்து நிற்கும். உள்ளே நான்கு இருக்கைகள். ஆனால் டேங்கை முழுதாக நிரப்பிவிட்டால், நான்கு பெரியவர்களை ஏற்றிக்கொண்டு அது கிளம்பக் கூடாது.

கணக்கு இதுதான். 172எஸ் ரகம் தரையை விட்டுக் கிளம்பும்போது அதன் மொத்த எடை 1,157 கிலோவைத் தாண்டக் கூடாது. வெறும் விமானமே ஏறக்குறைய 770 கிலோ. இறக்கைகளுக்குள் இருக்கும் டேங்குகளில் 200 லிட்டர் பெட்ரோல், லிட்டருக்கு 0.72 கிலோ என்றால் 144 கிலோ. மிஞ்சுவது 243. எண்பது கிலோ ஆட்கள் மூன்று பேர், விமானியையும் சேர்த்து, ஏறி உட்கார்ந்தால் கணக்கு முடிந்தது. நான்காமவருக்கு இருக்கை உண்டு, எடை இல்லை. அவரும் வந்தே தீர வேண்டுமென்றால் பெட்ரோலைக் குறைத்துக்கொண்டு, வழியில் எங்காவது இறங்கி நிரப்ப வேண்டும்.

இது பாதிக் கதைதான். எவ்வளவு எடை என்பதைப் போலவே, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து அழுந்தும், பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கும். விமானத்தில் முன்பாரம் கூடினால் மூக்கு எழ மறுக்கும். ஓடுபாதையில் நெடுந்தூரம் ஓட வேண்டிவரும். இறங்கும்போது முன்சக்கரம் முதலில் தரையில் மோதக்கூடும். தொல்லைதான், ஆனால் பெரும்பாலும் விமானி அதை முன்கூட்டியே உணர்ந்துவிடுவார்.

பின்பாரம் அப்படி அல்ல. கட்டுப்பாட்டுக் கோல் இலகுவாக நகரும், பறக்கும் வேகம்கூடச் சற்றுக் கூடும். எல்லாம் சுகமாக இருப்பதுபோல் தோன்றும். ஆனால் மூக்கு ஒருமுறை அளவுக்கு மீறி எழுந்துவிட்டால் அதைக் கீழே கொண்டுவர வால்பகுதிக்குப் பலம் போதாது. வேகம் குறைந்து, இறக்கைகள் தூக்கும் சக்தியை இழக்கும். விமானிகள் இதை ‘ஸ்டால்’ என்பார்கள். அதிலிருந்து விமானம் சுழன்றபடி விழத் தொடங்கினால் மீட்பது மிகக் கடினம். பல வேளைகளில் முடியவே முடியாது.

எனவே கிளம்புமுன் விமானி ஒரு பெருக்கல் கணக்குப் போடுகிறார். செஸ்னா 172எஸ்ஸில் எஞ்சினையும் அறையையும் பிரிக்கும் தகட்டிலிருந்து தூரங்களை அளக்கிறார்கள். முன் இருக்கை 94 செ.மீ., டேங்க் 122, பின் இருக்கை 185, சாமான் வைக்கும் இடம் 241. ஒவ்வொரு எடையையும் அதனதன் தூரத்தால் பெருக்கி, கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் ஈர்ப்பு மையம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். முழுப் பாரத்தில் அது 104 செ.மீ.க்கும் 120 செ.மீ.க்கும் நடுவே விழ வேண்டும். இடைவெளி 16 செ.மீ., ஒரு சாணுக்கும் குறைவு. எண்பது கிலோ ஆள் ஒருவர் முன்னிருந்து பின்னுக்கு மாறினாலே மையம் 6 செ.மீ. நகர்ந்துவிடும். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். அதைப் போடாமல் கிளம்புவதற்கு மன்னிப்பே கிடையாது.

2001 ஆகஸ்ட் 25 அன்று பஹாமாஸின் மார்ஷ் ஹார்பரில் பாடகி ஆலியாவும் அவருடைய குழுவினரும் பாடல் படப்பிடிப்பை முடித்துவிட்டு, செஸ்னா 402பி என்ற இரட்டை எஞ்சின் விமானத்தில் ஏறினார்கள். எட்டுப் பயணிகள், அவர்களுடைய சாமான்கள். கிளம்பிய சில நொடிகளில் விமானம் ஓடுபாதைக்கு அருகிலேயே விழுந்தது. விமானியோடு ஒன்பது பேரும் இறந்தார்கள். ஆலியாவுக்கு வயது 22. அனுமதித்த எடையைவிடச் சுமார் 320 கிலோ அதிகம் ஏற்றியிருந்தது விசாரணையில் தெரியவந்தது. ஈர்ப்பு மையமும் பின் எல்லையைத் தாண்டிப் போயிருந்தது. விமானியிடமும் குறைகள் இருந்தன. ஆனால் பாரம் அப்படி இருக்கையில், தேர்ந்த விமானிக்கும் தப்புவது அரிதுதான்.

பாரம் மீறியது கொஞ்சம்தானே என்று தள்ளிவிடவும் முடியாது. 1996 ஏப்ரலில் ஏழு வயதுச் சிறுமி ஜெசிகா டுப்ராஃப், தன் தந்தையோடும் பயிற்சியாளரோடும் அமெரிக்காவைக் கடக்கும் பயணத்தில் ஷயான் நகரில் விழுந்து இறந்தபோது, அந்த விமானத்தில் கூடுதலாக இருந்தது 44 கிலோ மட்டுமே. இடிமழையில் கிளம்பியதுதான் முதல் தவறு. ஆனால் ஷயான் கடல்மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அந்த மெல்லிய காற்றில், அந்த மழையில், கூடுதல் ஒவ்வொரு கிலோவும் இறக்கையை அழுத்தியது.

தரையில் சரியாக இருக்கும் கணக்கு வானத்திலும் சரியாகவே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. பீச்கிராஃப்ட் பொனான்சாவில் டேங்குகள் இறக்கையின் முன்பக்கத்தில் இருக்கின்றன. பெட்ரோல் எரிய எரிய ஈர்ப்பு மையம் பின்னுக்கு நகரும். கிளம்பும்போது எல்லைக்குள் இருந்த விமானம் இறங்கும்போது எல்லையைத் தாண்டியிருக்கலாம். அதனால் கணக்கை இரண்டு முறை, கிளம்புவதற்கு ஒன்றும் இறங்குவதற்கு ஒன்றுமாகப் போட வேண்டும்.

பயணிகளை நிறுக்காமல் சராசரி எடையை வைத்து ஒப்பேற்றும் வழக்கமும் ஆபத்தானதே. 2003 ஜனவரியில் சார்லட் நகரில் 21 பேரோடு விழுந்த சிறு பயணிகள் விமானம், காகிதக் கணக்கில் எல்லைக்குள்தான் இருந்தது. உண்மையில் பாரமும் மீறி, மையமும் பின்னே போயிருந்தது. வால்பகுதிக் கட்டுப்பாட்டைப் பராமரிப்பில் தவறாகப் பொருத்தியிருந்ததும் சேர்ந்துகொண்டது. அதன்பின் அமெரிக்க விமானத் துறை சராசரி எடைகளை உயர்த்தியது.

எப்போதாவது ஒரு குட்டி விமானத்தில் ஏற வாய்ப்புக் கிடைத்து, விமானி உங்கள் எடையைக் கேட்டால் வெட்கப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள். செருப்பு, கைப்பை, கேமரா எல்லாவற்றையும் சேர்த்தே சொல்லுங்கள். அவர் காட்டும் இருக்கையில் உட்காருங்கள். எதையும் கேட்காமலே கிளம்பத் தயாராகும் விமானியாக இருந்தால், அந்தப் பயணத்தைத் தவிர்த்துவிடுங்கள்.